தண்ணி எங்கே போச்சு?

வடபழனியில் கார் சூடானால் முதலில் சாலையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காகத் தடுப்புகள் வைத்த நாள் முதல் ஆற்காடு சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போயின. ஓடுகிற காருக்கு எதிர்க்காற்று வந்து ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிற்கிற காருக்கு உள்ளே இருக்கும் ஃபேனை விட்டால் வேறு கதியில்லை. அக்னி நட்சத்திர வெயிலில், நூறடி ரோடு சிக்னலில், ஏ.சி.யும் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நின்றால் பழைய வண்டியின் ஊசி மெல்ல மேலே ஏறத் தொடங்கும். அப்படி ஏறிய வண்டிகள் வந்து சேரும் ஷெட் ஒன்று முருகன் கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. வேலை நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று அங்கே போய் உட்கார்ந்தேன்.

மேஸ்திரிக்கு அறுபதை ஒட்டிய வயது. ஏவிஎம், விஜயா வாகினி ஸ்டுடியோக்களுக்கு வந்துபோன அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு எல்லாவற்றுக்கும் இந்தச் சந்தில்தான் பானெட் திறந்தார்கள் என்கிறார். வாகினி இருந்த இடத்தில் இப்போது மால். அம்பாசிடர் 2014இல் நின்றது. 1983இல் வந்த மாருதி 800உம் அதே 2014இல் நின்றது. ஆனால் 800 இன்னும் இவரிடம் வந்துகொண்டிருக்கிறது.

அன்றைக்கும் ஒன்று வந்தது. சாலிகிராமத்துப் பெரியவர் ஒருவர் ஓட்டி வந்தார். வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தார் என்பது உள்ளே போட்டிருந்த விரிப்பிலேயே தெரிந்தது.

"தெனமும் காலைல தண்ணி டேங்க் பாக்குறேன் மேஸ்திரி. ஃபுல் கோட்டுக்கு மேலதான் நிக்குது. அப்புறம் ஏன் ஹீட் ஆவுது?"

பானெட்டைத் திறந்ததும் உதவிக்கு இருந்த பையனின் கை ரேடியேட்டர் மூடிப் பக்கம் போனது. "டேய், கைய எடு" என்றார் மேஸ்திரி. அவருடைய முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெளுத்து, சுருங்கிக் கிடந்தது. பையனாக இருந்த காலத்தில் வாங்கியதாம். பிறகு மேல் ஹோஸை ஒரு நொடி தொட்டுப் பார்த்துவிட்டு, "டீ சொல்லு" என்றார். வண்டி ஆறும்வரை அங்கே யாரும் எதையும் திறக்கவில்லை.

மூடியின் தலையில் 0.9 என்று பொறித்திருந்தது. உள்ளே இருக்கும் தண்ணீர் மேல் அந்த மூடி கொடுக்கும் அழுத்தம் அது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 110 டிகிரியில் அமைதியாக இருக்கிற தண்ணீர், மூடியைத் திறந்து அழுத்தம் போன கணத்தில் ஆவியாகிச் சீறும். முகத்தையும் கையையும் வேகவைக்கிற விபத்து இப்படித்தான் நடக்கிறது.

அரை மணிக்கு மேல் ஆன பிறகு, மடித்த சாக்குத் துணியை மூடி மேல் போட்டு, கால் சுற்று திருகி, நிறுத்தி, காத்திருந்து, அப்புறம் அழுத்தித் திறந்தார். ரேடியேட்டரின் கழுத்தில் விரலை விட்டார். விரல் நனையவில்லை. டேங்கில் ஃபுல், ரேடியேட்டரில் இல்லை. பெரியவர் முகம் மாறிவிட்டது.

மேஸ்திரி மூடியைக் கவிழ்த்து வெயிலில் காட்டினார். அடியில் பெரிய ஸ்பிரிங், அதன் முனையில் ஒரு ரப்பர் வாஷர், நடுவில் சட்டை பட்டன் அளவுக்குப் பித்தளைத் தகடு. தண்ணீர் சூடாகி விரியும்போது ஸ்பிரிங் விலகி, மிச்சத்தை டியூப் வழியாக டேங்குக்கு அனுப்பும். வண்டி ஆறினால் அந்தச் சின்னத் தகடு திறந்து, போன தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மூடியில் ரப்பர் இறுகி, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் போகிறது, திரும்பி வருவதில்லை. அதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. பெரியவர் தினமும் பார்த்த டேங்க், ரேடியேட்டர் இழந்த தண்ணீரைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

இந்த மூடி விஷயத்தில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது இந்த ஊர் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். அப்படிப்பட்ட ஊரில் மூடி மாற்ற யோசித்து, ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், இன்ஜினை இறக்கும் அளவுக்கு விடுகிறோமே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

மூடி பழுது என்று தெரிந்த பிறகும் அவர் ஊற்ற ஆரம்பிக்கவில்லை. குறைந்த தண்ணீருக்கு ஒரே வழிதான் இருக்கும் என்று அவர் நம்புவதில்லை. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார்த்தார். தண்ணீர் ஆயிலோடு கலந்திருந்தால் அங்கே பால் டீ நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருக்கும். அது இல்லை. வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்தார். கசிந்திருந்தால் வெள்ளையோ பச்சையோ கறை காய்ந்து நிற்கும். அதுவும் இல்லை. ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிசைந்தார். கீழ் ஹோஸ் கிளிப் அருகே ஊறிப்போய் மெத்தென்று இருந்தது. "இது இன்னும் கொஞ்ச நாள்ல வாய் பொளக்கும் சார்." இந்தத் தேடலுக்குத்தான் கூலி கொடுக்க வேண்டும் என்பேன். ஆனால் பில்லில் மூடி, ஹோஸ், கூலண்ட் மூன்றும்தான் ஏறும். பார்த்ததற்கு யாரும் காசு தருவதில்லை, அவரும் கேட்பதில்லை.

வடித்த தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி வந்தது. யாரோ வழியில் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். நம் வீட்டுக் குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். படிந்த இடத்தில் சூடு வெளியே போகாது. 'இங்கே என்ன பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு?' என்று கேட்பவர்கள் நிறைய. சரி பாதி கலந்த கூலண்ட் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது காஷ்மீருக்குப் பயன்படட்டும். நமக்கு அதில் இருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் முக்கியம், கொதிநிலையும் சில டிகிரி கூடும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் உப்பு இல்லைதான். ஆனால் மருந்து சேராத தண்ணீர் எதுவாக இருந்தாலும் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். மேஸ்திரி டிஸ்டில்டு வாட்டர் கேனைத் திறந்து, பச்சைக் கூலண்டைச் சரி பாதி கலந்தார். பச்சையோடு சிவப்பைச் சேர்க்க மாட்டார். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. தெரியாத ஒன்றின் மேல் இன்னொன்றை ஊற்றுவதைவிட முழுக்கக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புவது மேல்.

மெல்ல ஊற்றினார். இன்ஜினை ஐடிலில் விட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டார். கழுத்தில் குமிழ்கள் வந்து உடைந்தன, மட்டம் இறங்கியது, மறுபடி ஊற்றினார். ஏர் லாக் நின்றுவிட்டால் ரேடியேட்டர் நிறைந்தும் ஹெட் காயும். 82 டிகிரி அளவில் தெர்மோஸ்டாட் திறந்ததை, மேல் ஹோஸ் திடீரென்று சூடானதை வைத்துப் பையன்தான் முதலில் சொன்னான். அப்புறம் ஃபேன் ஓடத் தொடங்கியது. "ரெண்டு நாள் கழிச்சு, காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, மூடியத் தொறந்து ரேடியேட்டரையே பாருங்க சார். டேங்க மட்டும் பாக்காதீங்க."

வடித்த பழைய கூலண்டைப் பையன் சாக்கடைப் பக்கம் கொண்டுபோனான். மேஸ்திரி தடுத்து, மூடி போட்ட பழைய டின்னில் ஊற்றச் சொன்னார். கூலண்டில் இருக்கும் எதிலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். முன்பு இந்தச் சந்தில் ஒரு நாய் அப்படிப் போனதாகச் சொன்னார். ஒவ்வொரு ஷெட்டிலும் இப்படி ஒரு டின் இருக்க வேண்டும், அதை வாங்கிக்கொள்ள மாநகராட்சி ஆள் அனுப்ப வேண்டும்.

அடுத்த கடை ரேடியேட்டர் பற்றவைக்கிறவருடையது. செம்பும் பித்தளையும் கொண்ட பழைய ரேடியேட்டரைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, அடைப்பை எடுத்து, ஈயம் வைத்து மூடத் தெரிந்தவர். இப்போதைய கார்களில் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும், உடைந்தால் புதிதுதான். "கார் வேலை போயிடுச்சு. லாரி, யூனிட் ஜெனரேட்டர், இதுங்கதான் சோறு போடுது" என்றார். ஆசிட் புகை நேராக முகத்துக்கு வருகிறது, மூக்கில் கட்ட ஒரு துணிகூட இல்லை. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினார்.

அப்போதுதான் ஷூட்டிங் யூனிட் ஒன்றின் ஜெனரேட்டர் ரேடியேட்டரை இருவர் தூக்கி வந்து இறக்கினார்கள். ராத்திரி ஷூட்டிங்காம், ஏழு மணிக்குள் வேண்டுமாம். அவர் வாய்களை ரப்பர் வைத்து அடைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, காற்றுக் குழாயைச் சொருகினார். இடது மூலையில் குமிழ் கிளம்பியது. ஆணியால் அங்கே ஒரு கீறல் போட்டுவிட்டு, இன்னும் எங்கே வருகிறது என்று மறுபக்கம் திருப்பினார்.