சூரிய ராஜாவின் சங்கீதம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் இல்லத்தில் பழைய பிரெஞ்சு அரண்மனைச் சங்கீதத்தை இசைத்தட்டில் கேட்டோம். என்ன கம்பீரம்! மகாராஜா ஒருவர் சபைக்குள் பிரவேசிப்பதை நேரில் காண்பது போலிருந்தது.

அது தற்செயல் அன்று. அந்தச் சங்கீதம் அதற்காகவே பிறந்தது. பதினான்காம் லூயி மன்னர் 1653-ல், 14 வயதுச் சிறுவராக இருந்தபோதே, சூரியனாக வேடம் புனைந்து ஆஸ்தான நாட்டியத்தில் ஆடினார். அதில் உடன் ஆடிய லுல்லி என்னும் இத்தாலிய வாலிபர் 1661-ல் அரண்மனைச் சங்கீதத்துக்கு அதிபதியானார். அவருடைய இசை நாடகங்கள் பெரும்பாலும் மன்னர் துதியோடுதான் ஆரம்பமாயின. 1672-ல் இசை நாடகம் நடத்தும் ஏகபோக உரிமையும் அவருக்கே கிடைத்தது. மற்ற வித்வான்களின் வழி அடைபட்டது.

1687-ல், மன்னர் ரண சிகிச்சையிலிருந்து பிழைத்தெழுந்ததற்காக நடந்த கச்சேரியில், கோலைத் தரையில் தட்டித் தாளம் போட்ட லுல்லி தம் காலிலேயே இடித்துக்கொண்டார். புண் புரையோடி மாண்டார். ராஜ சேவை உயிரையும் வாங்கிவிட்டது!

மன்னர் 1715-ல் மறைந்தார்; 1792-ல் பிரெஞ்சுக் குடிமக்கள் முடியாட்சியையே ஒழித்தார்கள். துதி ஓய்ந்தது, நாதம் ஓயவில்லை. அன்று அரசருக்கென்று இசைத்ததை இன்று நாம் கேட்டுத் தலையசைக்கிறோம். நாம் எந்த ராஜாவுக்கும் குடிகள் அல்லவே!