கூடிப் பேசாமல் ஓடிய அணி

பஃபலோ நகரத்தில் தங்கை வீட்டில் ஒரு டிசம்பர் மாதம் முழுவதும் தங்க நேர்ந்தது. வெளியே முழங்காலளவு பனி. கொண்டுபோன புத்தகங்கள் பத்து நாளில் தீர்ந்துவிட்டன. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியாக வாழ்ந்தார். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலைகளில் தேநீருக்கு அழைப்பார். அவரிடம் ஒரு பழைய வீடியோ நாடா இருந்தது. 1991 ஜனவரி 27 அன்று டாம்பாவில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டம். பஃபலோ பில்ஸ் அணிக்கும் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கும் நடந்தது. கடைசி எட்டு நொடிகள் மிச்சமிருக்கையில் பெரியவர் நாடாவை நிறுத்திவிடுவார். முடிவு என்ன என்று கேட்டால், "எங்கள் பிள்ளைகள் வேகமாக ஆடியே தோற்றார்கள்" என்பார்.

அந்த வாக்கியம்தான் நம்மை அந்த ஆட்டத்துக்குள் இழுத்தது. முதலில் பார்த்தபோது அமெரிக்கக் கால்பந்து நமக்கு ஆட்டமாகவே படவில்லை. ஐந்து நொடி மோதிக்கொள்கிறார்கள். பிறகு அரை நிமிடம் வட்டமாக நின்று ரகசியம் பேசுகிறார்கள். அந்த வட்டத்துக்கு ஹடில் என்று பெயர். அடுத்து என்ன செய்வது என்பதை குவார்ட்டர்பேக் அதில்தான் சொல்கிறார். இந்த வட்டம் பிறந்த கதை அழகானது. 1890களில் வாஷிங்டனில் காதுகேளாதோர் பயிலும் காலாடெட் கல்லூரியின் அணித் தலைவர் பால் ஹப்பார்ட், தம் சைகைகளை எதிரணி படித்துவிடாதிருக்க ஆட்டக்காரர்களை வளைத்து நிறுத்தினாராம். மொழியை மறைப்பதற்காக எழுப்பிய சுவர் அது. மொழியைக் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு இதைவிட நல்ல நுழைவாயில் வேறு என்ன வேண்டும்?

அந்தச் சுவரை இடித்ததுதான் பஃபலோவின் புதுமை. முழு உண்மையைச் சொன்னால், இடித்ததில் முந்தியவர் சின்சினாட்டி அணியின் பயிற்சியாளர் சாம் வைச். 1988 பருவத்தில் அவருடைய அணி வட்டம் கூடாமலேயே கோட்டில் வந்து நின்றது. இதில் ஓட்ட வேகத்தைவிடப் பெரிய சூழ்ச்சி ஒன்று உண்டு. தாக்கும் அணி ஆள் மாற்றினால்தான் தடுக்கும் அணிக்கும் ஆள் மாற்ற அவகாசம் கொடுக்க வேண்டும். தாக்குகிறவர் அதே பதினொருவருடன் உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினால், தடுக்கிறவர் களைத்த ஆளை வெளியே அனுப்ப முடியாது; தமக்குள் பேசிக்கொள்ளவும் நேரமில்லை. தப்பிக்க ஒரே வழி, யாராவது அடிபட்டதுபோல் புல்லில் விழுவது. அப்படி விழவும் செய்தார்கள்.

1989 ஜனவரியில் சின்சினாட்டியைச் சந்திக்கவிருந்தது பஃபலோ. அதன் பயிற்சியாளர் மார்வ் லெவி இந்த முறையை எதிர்த்துக் குரல் கொடுத்தார். ஆட்டம் தொடங்க ஓரிரு மணி நேரமே இருக்கையில், அதைக் கையாண்டால் தண்டனை என்று லீக் நிர்வாகம் வைச்சிடம் சொன்னது. ஆயினும் சின்சினாட்டியே 21-10 என்று வென்றது. அடுத்த ஆண்டே லெவி தாம் எதிர்த்ததைத் தாமே கைக்கொண்டார்! ஹார்வர்டில் ஆங்கில வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவர் அவர்; வரலாற்றின் இத்தகைய திருப்பங்கள் அவருக்குப் புதிதாக இருந்திரா.

லெவியின் மனத்தை மாற்றியது 1990 ஜனவரியில் கிளீவ்லாந்திடம் 34-30 என்று தோற்ற ஆட்டம் என்பார்கள். பின்தங்கிய நிலையில் ஜிம் கெல்லி அவசர அவசரமாக ஆடி 405 யார்டு எறிந்தார். அவசரத்தில் இவ்வளவு முடியுமென்றால் தொடக்கத்திலிருந்தே ஏன் கூடாது? அடுத்த பருவத்தில் அதுவே வழக்கமாயிற்று. தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும் வசதி 1994இல்தான் வந்தது. எனவே கெல்லி தாமே ஆட்டங்களைத் தெரிவு செய்து கோட்டில் நின்றபடி கூவுவார். நடுவில் பந்தைக் கொடுக்கும் கென்ட் ஹல் தடுப்புகளைச் சரிசெய்வார். பெரியவர் வேறொரு நாடாவையும் காட்டினார். 1991 ஜனவரி 20, ரெய்டர்ஸ் அணிக்கு எதிராக. பாதி ஆட்டத்தில் 41-3, முடிவில் 51-3. ரெய்டர்ஸ் தடுப்பாளர்கள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெரியவருக்கு இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்த வேகம் எங்கே போயிற்று? ஜயண்ட்ஸ் தடுப்பணியை வகுத்தவர் பில் பெலிச்சிக். தர்மன் தாமஸ் ஓடினால் ஓடட்டும், பந்து பிடிப்பவர்களை மட்டும் அடித்து நிறுத்துங்கள் என்றார். தாமஸ் 135 யார்டு ஓடினார். ஆனால் உண்மையான விடை ஜயண்ட்ஸ் தாக்குதலில் இருந்தது. அவர்கள் அவசரமே படவில்லை. மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்தில் ஒரே முயற்சியில் 9 நிமிடம் 29 நொடி பந்தைத் தம்மிடமே வைத்திருந்தார்கள். 13 யார்டு தேவைப்பட்ட ஒரு தருணத்தில் மார்க் இங்ரம் பந்தைப் பிடித்து, பிடிக்க வந்தவர்களையெல்லாம் உதறிக்கொண்டு 14 யார்டு போனார். பெரியவர் அந்த இடத்தில் மட்டும் நாடாவை மூன்று முறை ஓட்டினார். "பார், எவனுக்கும் காலில் பலம் இல்லை."

மொத்த 60 நிமிடத்தில் ஜயண்ட்ஸிடம் பந்து இருந்தது 40 நிமிடம் 33 நொடி. பெரியவரின் வாதம் இதுதான்: வேகமாக ஆடுகிறவன் வென்றாலும் தவறினாலும் சீக்கிரம் பந்தை விட்டுவிடுகிறான், அவனுடைய சொந்தத் தடுப்பணி உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் மறுபடி எழ வேண்டியிருக்கிறது. எதிரியிடமிருந்து பிடுங்கிய மூச்சை வீட்டாரிடமிருந்தும் பிடுங்குகிறான். 2013இல் பிலடெல்ஃபியாவில் சிப் கெல்லி இதே வேகத்தைக் கொண்டுவந்தபோதும் இந்தக் குற்றச்சாட்டு எழுந்தது. இரண்டு ஆண்டு 10-6 என்று ஆடிய அணி, மூன்றாம் ஆண்டில் சரிந்தது; 2015 டிசம்பரில் அவரை நீக்கினார்கள்.

நாம் முழுதும் ஒப்பவில்லை. பத்தொன்பதரை நிமிடங்கூடப் பந்தைத் தொடாமல் 19 புள்ளி எடுத்த முறையையா பழிப்பது? வகுப்பில் பாடத்தை விரட்டி முடிக்கும் ஆசிரியரைக் குறை சொல்லலாம். அந்த விரட்டலில் மாணவர்கள் தேறிவிட்டால் என்ன சொல்வது? மூன்றாம் முயற்சிகளில் ஜயண்ட்ஸைத் தடுத்திருந்தால் கணக்கே வேறு. இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். "நீ கடைசி எட்டு நொடியைப் பார்க்கவில்லை" என்றார். பிறகு, முதன்முறையாக, நாடாவை நிறுத்தவில்லை.

20-19. ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைக்கிறார். பந்து உயரமாகப் போகிறது, தூரமும் போகிறது. வலப்பக்கமாக விலகிவிடுகிறது.

அதன் பிறகு தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்த அணி இறுதி ஆட்டம்வரை போய்த் தோற்றது. அவற்றைப் பற்றி அவர் பேசவில்லை. மறுநாள் நகரச் சதுக்கத்தில் திரண்ட கூட்டத்தைப் பற்றிப் பேசினார். நார்வுட் வரவேண்டும் என்று கூட்டம் கத்தியது. அவர் வந்து, குரல் தழுதழுக்க நான்கு வார்த்தை பேசினார். "நீங்களும் கத்தினீர்களா?" என்று கேட்டோம். "தொண்டை கட்டி மூன்று நாள் வேலையில் யாரோடும் பேச முடியவில்லை" என்றார். நாடாவை உறையில் போட்டுவிட்டு, வாசலில் பனி சேர்ந்துவிட்டதே என்று மண்வெட்டியைத் தேடிப் போனார்.