கடன் நோட்டில் கிடைத்த அண்ணன்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் பல பேர் வீட்டில் பிரஞ்சுப் பாஸ்போர்ட் ஒன்றும் இந்தியப் பாஸ்போர்ட் ஒன்றும் ஒரே அலமாரியில் இருந்திருக்கும். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. இருபது வயதான என் அண்ணன் எழுதிக் கொடுத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு தேசத்தவர் ஆனோம்.

அண்ணன் 1963-இல் சொல்தாவாகப் போனார். ஏழு வருஷத்தில் பட்டாளத்தை விட்டு வெளியே வந்துவிட்டதால் பென்ஷன் கிடையாது. ரெயூனியன் தீவில் சேந்த்-ஆந்த்ரே என்ற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதினார். நம் முன்னோர் பூர்போன் என்று சொன்ன தீவு அதுதான். 1848 டிசம்பர் 20-இல் அங்கே அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்டத்துக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கான பேரைக் கப்பல் ஏற்றினார்கள். அவர்கள் வம்சத்தை அங்கே மல்பார் என்கிறார்கள். பேச்சு கிரெயோல், கும்பிடுவது மாரியம்மனையும் திரௌபதியையும்.

மாதா மாதம் கடுதாசி வரும், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பணம் வரும். 1980 ஜனவரியோடு இரண்டும் நின்றன. அந்த மாதம்தான் 'இயாசேந்த்' புயல் அந்தத் தீவைப் பிடித்துக்கொண்டு விடாமல் பெய்தது. மலைமேல் கொமெர்சோன் என்ற இடத்தில் பதினைந்து நாளில் ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் ஊரில் நாலு வருஷத்துக்கு மேல் பெய்கிற மழை அது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

அம்மா சொல்லச் சொல்ல நான் கடுதாசி எழுதினேன். 1983 வரை எழுதினோம். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. கம்புஸ்தோன் பகுதியில் ஒரு சீனர் கடை, அதுதான் முகவரி. அண்ணன் இருந்த சந்துக்குப் பெயரும் இல்லை, கதவிலக்கமும் இல்லை. அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கடைதான் தபால் பெட்டி.

நான் குமாஸ்தா. எனக்குத் தெரிந்த வழி ரெஜிஸ்தர்தான். பிரஞ்சு முறையில் ஒருவர் கல்யாணமும் சாவும் அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் எழுதப்படும். வெளிநாட்டில் பிறந்த பிரஞ்சுக்காரர்களின் பதிவு நாந்த் நகரத்தில் இருக்கிறது. முழு நகலைக் கூடப்பிறந்தவன் கேட்டால் தரமாட்டார்கள். பெற்றவர்கள் கேட்கலாம். 1986-இல் அம்மாவின் கையெழுத்தோடு எழுதிப் போட்டேன். நகல் வந்தது. ஓரம் வெள்ளையாக இருந்தது.

அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஓரம் வெள்ளையா இருந்தா புள்ள உசுரோட இருக்கான்னுதானேப்பா அர்த்தம்?" என்று கேட்டார்கள். யாரும் எழுதவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "ஆமாம்மா" என்றேன்.

குடும்ப நலனுக்கான தேடல் என்று ஒரு நடைமுறையும் அப்போது பிரான்சில் இருந்தது. காணாமல் போனவரை அதிகாரிகள் கண்டுபிடித்தாலும், அவர் சம்மதித்தால்தான் முகவரியைத் தருவார்கள். அதற்கும் மனுப் போட்டேன். பலன் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

1992-இல் அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியை விற்றுப் பணத்தை என் கையில் கொடுத்தார்கள். என்னோடு லிசேயில் படித்த நண்பர் சேன்-தெனியில் வாத்தியாராக இருந்தார். தங்க இடம் கிடைத்தது. பம்பாய் போய், மோரீசு வழியாகப் போய் இறங்கினேன்.

கம்புஸ்தோன் கடை பூட்டிக் கிடந்தது. அந்தத் தீவின் சீனர் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரிசி, எண்ணெய், உப்புக் கருவாடு, மண்ணெண்ணெய், நூல்கண்டு எல்லாம் ஒரே மரக்கட்டைக் கவுண்டரில் கிடைக்கும். ஒரு பக்கம் நின்றுகொண்டு ரம் குடிக்க இடம். கூலி வரும்வரை சாமானெல்லாம் கடன்தான். கணக்குக்கு ஒரு சின்ன நோட்டு, கார்னே என்பார்கள். நம் ஊர் மளிகைக் கடைப் பற்று வரவு நோட்டேதான்.

துணி வியாபாரம் குஜராத்தி முஸ்லிம்கள் கையில். அராபியர் அல்லாவிட்டாலும் ஊர் அவர்களை 'சராப்' என்றுதான் சொல்லும். சேந்த்-ஆந்த்ரேயில் அப்படி ஒரு துணிக் கடையில் அண்ணன் போட்டோவைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "காவடிக்கு வருஷா வருஷம் மஞ்சள் துணி எடுப்பார். மூன்று மீட்டர். புயலுக்குப் பிறகு வரவில்லை" என்றார் பிரஞ்சில். சீனர் 1984-இல் இறந்துவிட்டார் என்றும், மகன் சேன்-தெனியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார் என்றும் அவர்தான் சொன்னார்.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். மகனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். போட்டோவைப் பார்த்ததும், "பொந்திஷேரி!" என்றார். அப்பா விட்டுப்போன நோட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஒன்றை எடுத்துப் பிரித்தார். பக்கத்தின் தலைப்பில் அண்ணன் பெயர் இல்லை. பொந்திஷேரி என்று மட்டும் எழுதியிருந்தது. 1980 பிப்ரவரியில் அரிசி, பால்மாவு, ஒரு கம்பளி, இரண்டு தகரம் என்று கடன். கீழே ஐம்பது ஐம்பது பிராங்காக வரவு. 1983 ஆகஸ்டில் கடைசி வரவு, முழுப் பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு.

"வீடு மண் சரிவில் போய்விட்டது. அவர் சேன்-லூயி பக்கம் போய்விட்டார். ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பஸ்ஸில் வந்து கடன் கட்டுவார். தனக்கு வந்திருக்கும் கடுதாசிகளை வாங்கிக்கொண்டு போவார். அவர் சட்டையில் சர்க்கரை ஆலை வாசனை அடிக்கும்" என்றார்.

எனக்கு நெஞ்சு அடைத்தது. கடுதாசி எல்லாம் அவர் கைக்குப் போயிருக்கிறது.

சேன்-லூயி தீவின் தென்மேற்கில் இருக்கிறது. அங்கே லெ கோல் சர்க்கரை ஆலை. பஸ்ஸில் இறங்க வேண்டுமென்றால் கையைத் தட்ட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். ஆலைக்கு முன்னால் கையைத் தட்டி இறங்கினேன். முதலில் கண்ணில் பட்ட கடையில், "பொந்திஷேரி எங்கே இருக்கிறார்?" என்று கேட்டேன். ஒரு சிறுவனைக் கூட அனுப்பினார்கள். பத்து நிமிஷத்தில் அண்ணன் முன்னால் நின்றேன். சைக்கிள் டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நடந்ததை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவர் சொன்ன ஒன்றை மட்டும் எழுதுகிறேன். "பணம் இல்லாம வெறும் கடுதாசி போட கை வரலடா தம்பி. மொதல்ல மூணு மாசம் போச்சு. அப்புறம் வருஷம் ஆச்சு. வருஷம் கழிச்சு என்னன்னு எழுதறது?" கட்டிலுக்கடியிலிருந்து பிஸ்கோத்து டப்பாவை எடுத்தார். என் கையெழுத்தில் அம்மாவின் கடுதாசிகள், தேதி வாரியாக.

கடைக்காரருக்கு அரிசிக் கடன் தீர்க்கத் தீவைச் சுற்றிப் போனவருக்கு, அம்மாவுக்கு நாலு வரி எழுத முடியவில்லை. இதை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். கடைக் கடனுக்குத் தொகை தெரியும். ஐம்பது கொடுத்தால் ஐம்பது குறையும். அம்மாவிடம் பட்ட கடனுக்கு அப்படிக் கணக்கு இல்லை.

அன்று சாயங்காலம் போன் போட்டோம். அம்மா அவரைத் திட்டவில்லை. "எந்த ஊர் அரிசிடா சாப்பிடறே?" என்று கேட்டார்கள். 1994-இல் அவர் ஒரு தரம் வந்து இரண்டு மாதம் இருந்தார். அம்மா 1996-இல் போனார்கள். அண்ணன் 2011-இல் சேன்-லூயியில் காலமானார். இப்போது நாந்த் பதிவின் ஓரம் வெள்ளையாக இல்லை.

சர்க்காரிடம் அண்ணனின் பெயர், பிறந்த தேதி, தாய் தகப்பன் பெயர் எல்லாம் இருந்தது. ஆனால் ஆள் இல்லை. கடைக்காரரிடம் பெயர்கூட இல்லை, ஆள் இருந்தார். முப்பது வருஷம் ரெஜிஸ்தர் எழுதியவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நண்பர்களே, உங்களில் யாராவது இன்னும் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கலாம். நான் மனுப் போட்ட அந்த நடைமுறையை 2013-இல் எடுத்துவிட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தில் குடும்பத் தொடர்பைச் சேர்த்துவைக்கும் பிரிவு இருக்கிறது, எழுதிப் பாருங்கள். பழைய கடுதாசி உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். உறையின் பின்பக்கத்தில் ஒரு கடையின் பெயர் இருந்தால், அங்கிருந்து தொடங்குங்கள். அங்கேயும் இப்போது பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வந்துவிட்டன, நோட்டு எழுதும் கடைகள் குறைந்துவிட்டன. இருக்கிற கடைகளில் இன்னும் வயதானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.