வானரங்களுக்கு ஒரு பாலம்

ஆழியாற்றங்கரையிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்று புறப்படும்போதே எச்சரித்த நண்பர், ஒன்பதாவது வளைவிலேயே வண்டியை விட்டு இறங்கி நின்றுவிடுவேன் என்பதை ஏனோ சொல்லவில்லை. லோம் என்ற ஆங்கிலேயரின் பெயர் தாங்கிய அந்தக் காட்சி முனையில், பாதாளத்தில் நீர்த்தேக்கம் ஒரு வெள்ளித் தாம்பாளமாக மின்ன, சாலையோரக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு வரையாடு, வந்தவர்களை ஏறெடுத்தும் பாராமல், ஏதோ தீர்க்கமான யோசனையில் ஆழ்ந்து நின்றுகொண்டிருந்தது.

மேலே போனதும் தேயிலை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை குன்றுக்குக் குன்று பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற அந்தக் காட்சியைக் கண்டு, இதுவன்றோ இயற்கையின் சௌந்தரியம் என்று பரவசப்பட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கவர்க்கல் அருகே கார்வர் மார்ஷ் துரையின் சிலை கையை நீட்டி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவரைப் போன்ற தோட்டக்காரர்கள் கோடரியோடு வருவதற்கு முன், ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் விரிந்த இந்தப் பீடபூமி முழுவதும் சூரிய கிரணம் தரையில் படாத மழைக்காடு. இப்போது எஞ்சியிருப்பவை தேயிலைச் சமுத்திரத்தின் நடுவே சிதறிக் கிடக்கும் சிறு சிறு வனத் தீவுகள்தாம். சுற்றிலும் ஆனைமலை, பறம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம் என்று பெருங்காடுகள் இருக்க, அவற்றிடையே போக்குவரத்துக்கு வழியற்று இத்தீவுகள் தனித்துப் போயின.

தனித்துப் போனால் என்ன, மரங்கள் நின்ற இடத்தில்தானே நிற்கின்றன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். மரம் நிற்கிறது, அதன் சந்ததி நிற்பதில்லை. பெரிய விதையுள்ள பழங்களை விழுங்கிச் சென்று வெகு தூரத்தில் உமிழ்ந்து விதைக்கும் இருவாச்சிப் பறவை வராவிட்டால், விதை தாய்மரத்தின் நிழலிலேயே விழுந்து மட்கிப்போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையையன்றி உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கோ, வெடிப்பலாவின் பூவையும் காயையும் தேடிக் கிளைவிட்டுக் கிளை தாவியே ஆயுளைக் கழிக்கும் பிராணி. இரு மரங்களுக்கு நடுவே ஒரு தார்ச்சாலை வந்துவிட்டால் அதற்கு அது ஆறு அல்ல, அகழி.

இந்த அகழியைப் புதுத்தோட்டத்தில் கண்டேன். வால்பாறைக்கு அருகே, ஏறத்தாழ 90 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சோலையை ஊடறுத்துக்கொண்டு சாலை செல்கிறது. அங்கே சாலைக்கு மேலே, இப்பக்கத்து மரத்தையும் அப்பக்கத்து மரத்தையும் பிணைத்துத் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். மனிதனுக்காக வானரங்கள் சேது கட்டிய தேசத்தில் மனிதன் பதிலுக்கு ஒன்று கட்ட இவ்வளவு காலம் பிடித்ததே என்று எண்ணிக்கொண்டு அண்ணாந்து நின்றேன். பிடரி நரைத்த ஒரு தாய், வயிற்றில் குட்டி தொங்க, பாலத்தின் பாதி தூரம் வந்துவிட்டது. அச்சமயம் ஒரு கார் நின்றது. கதவு திறந்து ஒரு முறுக்குப் பொட்டலம் சாலையில் விழுந்தது. மேலே இருந்தவை எல்லாம் நொடியில் கீழே.

காவலுக்கு நின்ற உள்ளூர்க்காரர் கையிலிருந்த கம்பால் தரையைத் தட்டி அவற்றை விரட்டிவிட்டு என்னிடம் வந்தார். “பாலம் கட்டியாச்சு ஐயா. அதுல போற குரங்கைக் கீழ கூப்பிடறது இந்தப் பொட்டலந்தான். வண்டியில அடிபட்டுப் போகுதுங்க” என்றவர், என் கையைப் பார்த்தார். என் கையில் ஒரு வாழைப்பழம் இருந்தது. அதை நான் எனக்காகத்தான் உரித்தேன் என்று சொன்னால் அவர் நம்பியிருக்க மாட்டார். வாசகர்களும் நம்ப வேண்டியதில்லை.

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகியோரும் அவர்கள் சகாக்களும், தோட்ட நிறுவனங்களின் சம்மதத்தோடு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தீவுகளைச் செப்பனிட்டு வருகிறார்கள். சாலையோரத்தில் விழுந்து வீணாகும் காட்டு விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, உண்ணிச்செடிப் புதரை அகற்றிய இடத்தில் நடுவதுதான் வேலை. கேட்பதற்கு எளிது, காடு திரும்புவதற்கோ ஒரு தலைமுறை போதாது.

யானைகளின் விவகாரம் வேறு. அவை பகலில் சோலைகளிலும் ஆற்றோரத்து மரச்செறிவிலும் ஒதுங்கி, இருட்டிய பின் தேயிலைக்குள் புகுந்து கடக்கின்றன. முன்பு வேலை முடிந்து லைன் வீடுகளுக்கு நடந்து திரும்பும் தொழிலாளர்கள் எதிர்பாராமல் அவற்றின் முன் அகப்பட்டு உயிரிழந்ததுண்டு. 2011ஆம் ஆண்டு முதல் யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிச் செய்தியாக அனுப்புகிறார்கள். அருகே யானை இருந்தால் மேட்டில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். நான் தங்கிய இரவில் அது மின்னியது. கொழுந்து பறித்துக் களைத்து பஸ்ஸிலிருந்து இறங்க எழுந்த பெண்கள் ஒரு முணுமுணுப்புமின்றி மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள். “அது போகட்டும், அப்புறம் நாம போவோம்” என்றார் ஒரு பாட்டி. பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. எனக்குப் பசித்தது, இருட்டில் எதுவும் தெரியவுமில்லை. ஆயினும் அந்த யாத்திரையில் வனம் என்று நான் உணர்ந்தது அந்தக் காத்திருப்பைத்தான்.

வால்பாறைக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: புதுத்தோட்டத்துப் பாலத்தின் கீழ் வண்டியை மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள், நிறுத்தாதீர்கள். வாழைப்பழத்தை ஊருக்குள் போய் நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.