பெயர் சொல்லி அழைக்கும் இல்லம்

பிழைப்பை நாடிப் பெயர்ந்து வந்த குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் திருமணமும் பேசப்படாத நாளில்லை. முதியோரை யார், எங்கே, எவ்வாறு பேணுவது என்னும் பேச்சை மட்டும் நாளை, மறுநாள் என்று தள்ளிவைக்கிறோம். கோலார் தங்கவயல் தமிழராகிய நமக்கு இனி அவ்வாறு தள்ளிவைக்க இயலாது.

1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கம் நடத்தத் தொடங்கிய காலமுதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் அதனை அடுத்த பகுதிகளிலிருந்தும் நம் முன்னோர் வந்து குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுதியான ஆழம் சென்றது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் இளைஞர்கள் மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்பலாயினர். பலர் அங்கேயே குடியமர்ந்தனர். லைன் வீட்டில் பகல் முழுதும் தனித்திருப்பவர் முதியவரே. இந்நிலையில் முதியோர் இல்லத்தை நாடுவது இழிவன்று. எத்தகைய இல்லத்தை நாடுவது என்பதே வினா.

என் தாய்மாமனார் முப்பது ஆண்டுகள் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். பாறைத் தூள் படிந்து நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் நோய் அவருக்கு உண்டு. அதனை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை. துளைப்பொறியின் ஓசையால் செவியும் மந்தமாயிற்று. துணைவியார் மறைந்தபின், மகன் அயல்நாட்டில் இருந்தமையால், பெங்களூரில் ஓர் இல்லத்தில் அவரைச் சேர்த்தோம்.

அவ்விடம் மிகத் தூய்மையானது. பளிங்குத் தரை, வேளைக்கு உணவு, வாரந்தோறும் மருத்துவர். குறை சொல்ல ஒன்றுமில்லை என்றே தோன்றியது. ஆனால் பணியாளர் அவரைக் கட்டிலின் எண்ணைச் சொல்லியே குறிப்பிட்டனர். இரவு எட்டு மணிக்கு அனைவரும் படுத்தாக வேண்டும். படுத்தால் மூச்சுத் திணறும் ஆதலின் அவர் சாய்ந்து உட்கார்ந்தே உறங்குபவர். அதனைப் பிடிவாதம் என்று எண்ணினர். காலை ஷிப்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும். எழுந்து நடந்தால் மற்றவர்க்கு இடையூறு என்று தூக்க மாத்திரை கொடுத்தனர். கூப்பிட்டது கேளாமல் அவர் திரும்பாதிருந்தால், நினைவு தவறிவிட்டது என்று பேசிக்கொண்டனர்.

ஒருநாள் அவர் என்னிடம், “மாப்பிள்ளை, சுரங்கத்திலும் எனக்கு ஓர் எண் இருந்தது. கீழே போனவன் மேலே வந்தானா என்று பார்ப்பதற்காக அந்த எண். இங்கே இருக்கும் எண் எதற்காக?” என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை.

இங்கிலாந்து நாட்டு உளவியலறிஞர் டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட தம் நூலில், மறதி நோய் கண்டவரிடத்தும் நோயைக் காணுமுன் ஆளைக் காண வேண்டும் என்று வலியுறுத்தினார். முதியவரைக் குழந்தைபோல் நடத்துவதும், அவசரப்படுத்துவதும், அவர் எதிரிலேயே அவர் இல்லாததுபோல் பேசுவதும் அவரை மேலும் நலியச் செய்யும் என்றார். அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பு இல்லத்தில் உள்ள ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. பணியாளரின் வசதிக்காக முதியவரைக் கட்டாலோ மருந்தாலோ அடக்கிவைத்தலைத் தடை செய்தது. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் மாநில அரசுகள் அமைக்கலாம் என்றும், ஏழை முதியோர் 150 பேர்க்கேனும் அதில் இடமிருக்க வேண்டும் என்றும், இல்லங்களின் தரத்தை வரையறுக்கலாம் என்றும் கூறுகிறது. இடத்தையும் கட்டிலையும் சட்டம் எண்ணலாம். கட்டிலில் இருப்பவர் யார் என்பதை அருகிருப்பவரே அறிய வேண்டும்.

மாமனாரைப் பின்னர் வேறோர் இல்லத்திற்கு மாற்றினோம். கட்டடம் சிறிது; சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆயினும் அதனை நடத்தும் அம்மையார், அவரையும் அவர் தங்கையாகிய என் அன்னையாரையும் எதிரில் அமர்த்தி ஒரு மணி நேரம் வினவி எழுதிக்கொண்டார். தலையணைகளை உயர்த்தி அடுக்கினர். முகம் பார்த்து மெதுவாகத் தமிழில் பேசினர். மருத்துவரைக் கலந்து தூக்க மாத்திரையை நிறுத்தினர். விடியலில் எழுபவர் என்பதனால் வாயிற்கதவைத் திறக்கும் பொறுப்பை அவரிடமே அளித்தனர். நோய் குறையவில்லை, மூச்சு முன்போலவே வாங்குகிறது. ஆயினும் பேச்சு மீண்டது. கூண்டில் இறங்கிய கதைகளைக் கேட்க இப்பொழுது அங்கே ஆள் உண்டு.

ஆகவே இல்லம் தேடும் அன்பர்கள் தரையையும் சுவரையும் பார்த்து அமைதல் போதாது. இரவில் எத்தனை பேரை ஒரு பணியாளர் கவனிக்கிறார்? அப்பணியாளர் மாதந்தோறும் மாறுகின்றனரா? குளிக்கும் வேளையையும் உறங்கும் வேளையையும் முதியவர் தாமே தேர்ந்துகொள்ள முடியுமா? அவர் மொழி அறிந்தவர் ஒருவரேனும் உண்டா? உறவினர் முன்னறிவிப்பின்றி வரலாமா? இவற்றைக் கேளுங்கள். பணியாளர்க்குத் தக்க ஊதியம் கொடுக்கின்றனரா என்பதையும் கேளுங்கள். நிலைத்து நில்லாதவர் ஒருவரை அறிந்து பேணுதல் அரிது.

அதற்கு முன் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பெரியவர்கள் நினைவோடும் சொல்லோடும் இருக்கும்பொழுதே அவர்கள் அருகில் அமர்ந்து, அவர்தம் பழக்கம், உணவு, அச்சம், வழிபாடு, எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார் என்பது, இறுதிச் சடங்கு எம்முறையில் வேண்டும் என்பது ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். தங்கவயலில் ஒரு குடும்பம் மாதா கோயிலுக்குச் செல்லும், ஒரு குடும்பம் மாரியம்மனை வணங்கும், ஒரு குடும்பம் புத்தரைப் போற்றும். அயலார் அதனைத் தாமே அறிய வழியில்லை. ஒரு தாள் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிடலாம்.