விமானியின் காணாச் சுமை

லொரேத்தோ மாதாவை விமானிகளின் பாதுகாவலியாக 1920-ஆம் ஆண்டு திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் அறிவித்தார். புயலும் விபத்தும் மட்டுமே விமானிக்கு நேரும் இடர்கள் என நாம் எண்ணுதல் இயல்பு. கண்ணுக்குப் புலப்படாத சுமையொன்றும் அவருக்கு உண்டு.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் ஓடுவதோ 400 சுழற்சிகள் கொண்டது. மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் தோன்றும் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். விமானியின் சிற்றறையில் கம்பிகளும் கருவிகளும் அவரை நெருங்கிச் சூழ்ந்துள்ளன. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் அவர் அங்கே அமர்ந்திருக்கிறார்.

இதனால் தீங்கு உண்டா? பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2002-இல், இத்தகைய தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய வகையில் சேர்த்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளே அதற்கு ஆதாரம். விமானிகளிடையே மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் மிகுந்திருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் காந்தப்புலமே அதன் காரணம் என நிறுவப்படவில்லை. ஆகவே அஞ்சி நடுங்கவும் வேண்டாம். அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

இறைவன் பூமிக்குப் போர்வையாக அளித்த காந்தப்புலமும் ஒன்று உண்டு. விண்ணிலிருந்து பாயும் கதிர்த்துகள்கள் பலவற்றை அது விலக்குகிறது. நிலநடுக்கோட்டருகே அக்காவல் வலிது. துருவங்களை நெருங்க நெருங்க மெலிது. எனவே துருவங்களை ஒட்டிப் பறப்போர் மிகுந்த கதிர்வீச்சைப் பெறுகின்றனர். இதனைத் தொழில்வழிக் கதிர்வீச்சாகவே கருதவேண்டும் எனப் பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1990-இல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விமானப் பணியாளர் பெறும் அளவை மதிப்பிட்டு அவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். கருவுற்ற பணியாளரின் வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தனிவரம்பும் உண்டு.

இந்நெறி நமக்குப் புதியதன்று. உடல்நலத்துக்கு ஊறு செய்யாத பணிச்சூழல் தொழிலாளரின் உரிமை என்று, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடல் கற்பிக்கிறது. விமானிக்கு மட்டுமா இது? ஆலையில் மின்பொறிகளின் அருகே நாளெல்லாம் நிற்கும் நம் பங்கின் தொழிலாளிக்கும் பொருந்தும். காணாததை அளந்து, அளந்ததை மறைக்காமல் உரைப்பது முதலாளி காட்டும் இரக்கம் அன்று, அது நீதி.

நம்மைச் சுமந்து செல்வோரின் நலனையும் நம் குடும்பச் செபத்தில் சேர்ப்போம். அவர்கள் உரிமைக்காகக் குரலும் கொடுப்போம்.