கணபதியில் 40 லிட்டர் கடல்

தை 4

தொட்டி வந்துவிட்டது. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். 40 லிட்டர் பிடிக்கும். கோவையில் எங்கள் கணபதி, கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே கடல் என்றால் உக்கடம் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் மீன்தான். உயிரோடு இருக்கிற கடலை வீட்டில் வளர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் கடலிலிருந்து பெயர்த்தெடுத்த எதையும் இதற்குள் விடுவதில்லை என்று உறுதி எடுத்திருக்கிறேன்.

சட்டமும் அதையே சொல்கிறது. பாறை கட்டும் பவளம் அத்தனையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு. கடற்குதிரையும் கடல் விசிறியும் அதே பட்டியலில் வந்தன. வெளிநாட்டுப் புத்தகங்கள் ‘லைவ் ராக்’ போடச் சொல்கின்றன. அது பவளத்தின் எலும்புக்கூடு. மன்னார் வளைகுடாவில் அது கிடக்க வேண்டிய இடத்திலேயே கிடக்கட்டும்.

தை 11

பாறையை நாமே வார்த்துக்கொள்ளலாம். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு ஷெல் கிரிட், ஒரு பங்கு கல் உப்பு. ஷெல் கிரிட் முட்டைக்கோழிக்குப் போடுகிற கிளிஞ்சல் நொறுக்கு. கொங்கு நாட்டில் கோழித் தீவனக் கடைக்கா பஞ்சம்? உப்பு பின்னால் தண்ணீரில் கரைந்துபோகும். அது விட்டுப்போகும் துளைகளில்தான் பாக்டீரியா குடியேறும்.

பக்கத்துத் தெரு ஃபவுண்டரியில் மோல்டர் அண்ணனிடம் யோசனை கேட்டேன். சலித்த ஆற்று மணலை ஈரமாக்கி, பாக்ஸில் கொட்டி, விரலாலேயே குடைந்து, குகையும் மேடுமாக அச்சு எடுத்துக் கொடுத்தார்.

“உள்ளார ஒரு கம்பி வெச்சு ஊத்துனா உடையாதுங்க.”

“உப்புத் தண்ணியில துரு ஏறிருமுங்ணா.”

“அப்ப பித்தளைக் கம்பி வெச்சுக்கலாமுங்களே?”

பித்தளையில் தாமிரம் இருக்கிறது. அது துளி கரைந்தாலும் இறாலும் நத்தையும் பிழைக்காது. சொன்னதும் தலையாட்டிவிட்டுக் கம்பியில்லாமலே வார்த்தார். பம்புக்குப் பேர்போன ஊரில் கடல் தொட்டி வைப்பவர் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இது. நீரைச் சுழற்ற நான் வாங்கிய சின்ன மோட்டாரில், தண்ணீர் படும் இடமெல்லாம் பிளாஸ்டிக்கும் செராமிக்கும்தான்.

மாசி 20

வார்த்த பாறைகள் வாளியில் ஊறுகின்றன. சிமெண்டின் சுண்ணாம்பு இறங்கி நீரின் பி.எச். 11-ஐத் தாண்டியிருந்தது, தண்ணீரை மாற்றி மாற்றி இன்று 8.3-க்கு வந்திருக்கிறது. கடல் நீரும் ஏறக்குறைய அதே அளவுதான்.

சிமெண்டைக் கையில் பிடிக்கும்போது தூத்துக்குடிப் பக்கம் நினைவு போகிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் அங்கே பல தலைமுறை பவளத்தை வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கியதற்கு அந்த வெட்டு ஒரு பெருங்காரணம். இன்று சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதே கடலடியில் சிமெண்ட் பலகைகளில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள்.

பங்குனி 2

இன்று தண்ணீர் நிரப்பினேன். ஆர்.ஓ. நீரை அயனி நீக்கும் டி.ஐ. ரெசினில் ஓடவிட்டு, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே உப்பு. லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைந்திருப்பதுதான் கடலின் கணக்கு. உப்பளத்து உப்பு இதற்கு உதவாது. பாத்தியில் சோடியம் குளோரைடுதான் படிகமாகிறது. மெக்னீசியம் பெரும்பாலும் எஞ்சிய கசப்பு நீரோடு போய்விடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் 400 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. எல்லாம் சேர்ந்த செயற்கைக் கடலுப்பைத்தான் வாங்க வேண்டும்.

பங்குனி 25

தொட்டியில் மீன் இல்லை. தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுகிறேன். அது அழுகி அம்மோனியா ஆகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொன்று நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. சோதனைக் குழாயில் அம்மோனியா முதலில் பச்சை காட்டியது. பிறகு மஞ்சளுக்குத் திரும்பியது; அதே நாளில் நைட்ரைட் குழாய் ஊதாவாகியிருந்தது. இன்று அதுவும் வெளிர் நீலம்; இரண்டு நஞ்சும் தீர்ந்தன. கண்ணாடியில் படிந்திருக்கும் பழுப்பு டயட்டம் பாசியும் வரவேண்டிய ஒன்றே. வெறும் தண்ணீர் தொட்டிதானே என்று வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதுதான் தொட்டியின் முக்கியமான காலம்.

சித்திரை 18

கத்திரி நெருங்குகிறது. தெர்மாமீட்டர் 29 காட்டியதும் மேலே சின்ன ஃபேன் வைத்தேன், 26-க்கு இறங்கியது. ஆனால் ஃபேன் ஓடினால் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 40 லிட்டரில் ஒரு லிட்டர் குறைந்தாலே உப்பு 35-லிருந்து 35.9 ஆகிவிடும். 400 லிட்டர் தொட்டியில் இது தெரியவே தெரியாது. சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத நல்ல நீரைக் காலையும் மாலையும் சேர்க்கிறேன். பராமரிப்பு மின்தடை நாளுக்கு பேட்டரி ஏர் பம்ப் தயார்.

மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடை வெப்பம் தாளாமல் பவளங்கள் வெளுத்தன. ஒன்றிரண்டு டிகிரி கூடுவது அவற்றுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தத் தெர்மாமீட்டரைத் தினமும் பார்க்கும்போது உறைக்கிறது.

வைகாசி 6

தொட்டி வளர்க்கும் நண்பர் ஒரு பிடி கீட்டோமார்ஃபா பாசி கொடுத்தார். பச்சை நைலான் நூல் உருண்டை போல இருக்கிறது. நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். அதோடு கோப்பிபாட் என்ற மிகச் சிறிய கடல் உயிர்களும் வந்திருக்கின்றன. இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் விட்டு விட்டு நகர்கின்றன.

வைகாசி 21

இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. பண்ணையில் பிறந்தவை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இந்த மீனை முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையைச் செய்து காட்டியிருக்கின்றன. பொரிந்த குஞ்சுக்குத் தீனியாக முதலில் ரோட்டிஃபர், பிறகு ஆர்ட்டீமியா என்ற நுண் உயிர்கள். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் முதிரும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும்.

ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டுப் பழக்கினேன். சின்ன மீனுக்கு நடு வெள்ளைப் பட்டை பாதி உடம்போடு நின்றுவிடுகிறது. பண்ணை மீன்களில் இப்படி அடிக்கடி பார்க்கலாம். எனக்கு அந்த அரைப் பட்டைதான் அழகு. ஒரு பாறையும் இந்த மீனுக்காகப் புரட்டப்படவில்லை.

ஆனி 10

எதிர்வீட்டுப் பையன் தினமும் வருகிறான். “பவளம் எப்பங்ணா வைப்பீங்க?” என்றான். வைக்க மாட்டேன் என்று சொல்லி, அதன் காரணத்தையும் சொன்னேன். பவளம் ஒரு உயிர், அதற்கு ஊர் மன்னார் வளைகுடா என்றதும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். கட்டாயம் கூட்டிப்போக வேண்டும்.

மூன்றாவது மீன் கிடையாது. 40 லிட்டருக்கு இரண்டே அதிகபட்சம். கடல் தொட்டி தொடங்க நினைப்பவர்கள் லைட்டையும் ஃபில்டரையும் பற்றி விசாரிக்கும் முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: “இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?” கடையில் விற்கும் கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடித்தவைதான். கேட்பவர்கள் கூடக் கூடப் பண்ணை மீன் கடைக்கு வரும். நல்ல பதில் கிடைக்கும்வரை தொட்டி காலியாக ஓடட்டும். பாக்டீரியாவுக்கு ஒரு சிட்டிகை தீனி போதும்.